புதன்கிழமையை விட்டு நகராத கார்

அத்தியாயம் 6

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதாகப் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் ஃபிட்டர் ஒப்புக்கொண்டிருந்தான். அன்று காலை எட்டரைக்கு அவன் அக்கா இரண்டு பேரைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முன்னால் வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். நடந்து தேய்ந்த ரப்பர் ஷூ, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், தோளில் தோல் பை. முப்பத்தொரு வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எல்லோருக்கும் அவர் 'செக்கர்'. பொய் சொல்பவனின் கை எந்தப் பாக்கெட்டுக்குப் போகும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஊர் நம்பியது. அதனால் ஓய்வுக்குப் பிறகும் துப்புத் துலக்கச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

பின்னால் வந்த ஒடிசலான ஆள் முன்னாள் கண்டக்டர். செக்கர் தன் சர்வீஸில் கடைசியாகப் பிடித்த கண்டக்டர் அவன்தான். வேலை போன மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, பிடித்தவர்தான் இனிமேல் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் பேசினானாம். அன்றிலிருந்து அவருக்கு உதவியாள். வாய் ஓயாததால் பெயர் 'ரேடியோ'.

ஃபிட்டர் எழுந்து இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டான். எதிர் மேசைக்கு முன்னால் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. ரேடியோ அதில் உட்காரப் போனான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து ஸ்டூல் பக்கம் திருப்பிவிட்டாள். ரேடியோ ஒன்றும் கேட்கவில்லை. வந்ததிலிருந்து அவன் ஒன்றும் கேட்காமல் இருந்த முதல் விஷயம் அது.

கடை சின்னது. ஒரு கார் உள்ளே வந்தால் அதன் ஒரு பக்கக் கதவைத்தான் திறக்க முடியும். கார்களுக்குப் பாட்டுப் பெட்டி செய்து பொருத்துவது தொழில். கடையில் விற்கும் பெட்டி இல்லை. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகை ஒன்றை வாங்கி, அதற்குப் பாட்டுப் போடச் சொல்லிக்கொடுத்து, சின்னத் திரை வைத்து, டாஷ்போர்டை அளவெடுத்து அறுத்து, கார் பிறந்தபோதே கூடப் பிறந்தது போல உட்கார வைக்க வேண்டும். அறுப்பு, ஒயர், ஸ்பீக்கர் எல்லாம் அவன். பலகையும் அதில் ஒட்டும் பொடிச் சாமான்களும் அவன் மனைவி. எட்டு மாதத்துக்கு முன் ஆறே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். மறுவாரம் அவன் கடையைத் திறந்துவிட்டான். அவள் கடைசியாகத் தயாரித்து வைத்த மெமரி கார்டையே நகலெடுத்து நகலெடுத்துப் பதினோரு கார்களுக்குப் பொருத்தினான். யாரும் குறை சொல்லவில்லை. பன்னிரண்டாவது, மரவாடி முதலாளியின் சாம்பல் நிறக் கார்.

விஷயத்தை அக்காதான் சொன்னாள். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்குவாரி ரோட்டுப் பள்ளத்தில் ஒரு தபால்காரர் சைக்கிளோடு கிடந்தார். உயிர் இருந்தது, நினைவு இல்லை. இன்று வரை இல்லை. பதினொரு மணிக்கு அந்த ரோட்டுக்குள் நுழைந்தவர் எப்போது அடிபட்டார் என்று யாருக்கும் தெரியாது. சைக்கிள் பக்கத்தில் கிடந்த கண்ணாடிச் சில்லு மரவாடி முதலாளியின் கார் விளக்கோடு பொருந்தியது. போலீஸ் அன்று சாயங்காலமே அவர் வீட்டிலிருந்து காரைக் கட்டி இழுத்துப் போய், கதவில் காகிதம் ஒட்டி முத்திரை வைத்தது. முதலாளி சொன்னது சுருக்கம். செவ்வாயிலிருந்து வண்டி ஃபிட்டர் கடையில் இருந்தது, புதன் மதியம் இரண்டுக்குத்தான் எடுத்தேன், நேரே வீடு, விளக்கு உடைந்திருந்ததை வீட்டில்தான் பார்த்தேன்.

வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் ஃபிட்டரை விட்டிருப்பார்கள். அவனை மாட்டிவிட்டது அவன் செய்த பெட்டியேதான். சாவி போட்ட நேரம், எடுத்த நேரம், பாட்டு நின்ற இடம் எல்லாவற்றையும் அது தனக்குள் குறித்து வைக்கும். ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஆள் அந்தக் குறிப்பை அச்செடுத்தான். புதன்கிழமை 11.15 முதல் 12.01 வரை கார் ஓடியிருக்கிறது. அந்த நேரத்தில் கார் ஃபிட்டர் கையில்.

செக்கர் அக்காவைப் பார்க்காமல் ஃபிட்டரைப் பார்த்துக் கேட்டார். புதன் காலையில் என்ன செய்தான்?

ஃபிட்டர் யோசித்தான். டாஷ்போர்டு மூடியைக் கழற்றியது நினைவில் இருந்தது. காந்தக் கிண்ணத்தில் ஏழு ஸ்க்ரூ. ரம்பத்தால் அறுத்த ஓரம் உராயாமல் இருக்க ஃபெல்ட் பட்டை ஒட்டியது. பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. நேரத்தைக் கையால் வைத்தான், சாவியைப் போட்டான், கொஞ்ச நேரம் கேட்டான். இரண்டு மணிக்கு முதலாளி வந்தார். நடுவில் மூன்று மணி நேரம். அதைத் தேடினால் கிணற்றுக்குள் கயிற்றை விட்டு வெறும் கயிற்றையே இழுப்பது போல இருந்தது.

"தெரியல," என்றான்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இதையேதான் இன்ஸ்பெக்டரிடமும் சொன்னான், தெரியல தெரியல என்று சொல்லியே தலையைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்கிறான் என்றாள்.

"முன்னெல்லாம் வேலை முடிஞ்சா ரெண்டு பேரும் வண்டிய எடுத்துக்கிட்டு குவாரி ரோட்டுல ஒரு சுத்து போவோம்," என்றான் ஃபிட்டர். "எங்கயாவது கடகடங்குதான்னு அவ காது வச்சுக் கேப்பா. நாப்பது, நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். அவ போனப்புறம் நான் போறதில்ல. ஆனா பழக்கத்துல கை தானா போயிருக்கலாம்."

"போனியா தம்பி?"

"போகலன்னு என்னால சொல்ல முடியலம்மா."

ரேடியோ பெருமூச்சு விட்டான். "மேடம், நாம பாத்தவங்க எல்லாம் செஞ்சதை இல்லன்னு சாதிச்சாங்க. இவரு செய்யாததையும் இருக்கலாம்ங்கறாரு. இப்படி ஒரு மரியாதையான குத்தவாளிய நான் பாத்ததே இல்ல."

செக்கர் அக்காவிடமிருந்து அச்சடித்த தாளை வாங்கினார். இரண்டே வரி. 11.02 முதல் 11.14. அடுத்தது 11.15 முதல் 12.01. அவ்வளவுதான் தாள். இரண்டு வரியை ஒரு மனுஷி இவ்வளவு நேரம் படிக்க முடியும் என்பது ஃபிட்டருக்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும். வியக்கத் தோன்றவில்லை. அவர் விரலை வைத்து, ஏறினது எங்கே, இறங்கினது எங்கே என்று முணுமுணுத்தார். பிறகு பெட்டியைப் பற்றிக் கேட்டார். அவன் சொன்னான். வேலையைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு வார்த்தை வரும். சிவப்பு ஒயரில் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். சாவியைத் திருப்பினால் பெட்டி தானே விழித்துக்கொள்ளும், தனியாக அணைக்க முடியாது. சாவியை எடுத்தால் பத்து விநாடி தாக்குப்பிடிக்கும். அதற்குள் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் நின்றது என்று எழுதிக்கொண்டு தூங்கிவிடும். மறுபடி போட்டால் அங்கிருந்தே பாடும்.

பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட முடியுமா என்று ரேடியோ கேட்டான். அதற்கான பொத்தான் இன்னும் வரவில்லை, சனிக்கிழமை வந்தால் ஸ்டீரிங்கில் பொருத்தித் தருவதாக முதலாளியிடம் சொல்லியிருந்ததாக ஃபிட்டர் சொன்னான். இப்போதைக்குச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மாதிரிக்கு ஒன்பது பாட்டு உள்ளே இருக்கும். அவள் பொறுக்கியது.

"சனிக்கிழமை இன்னைக்குத்தானே," என்றான் ரேடியோ. "பொத்தான் வந்துச்சா?"

"வந்துடுச்சு," என்றான் ஃபிட்டர். மேசையில் இருந்த சின்னப் பொட்டலத்தைக் காட்டினான்.

செக்கர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். மரவாடிக்குப் போகலாம், நீயும் வா என்றார். தான் எதற்கு என்று அவன் கேட்டான்.

"என்னைப் பாத்தா அவர் வாய மூடிக்குவார். உன்னைப் பாத்தா திறப்பார்."

மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். செக்கருக்கு வாழ்நாள் பாஸ் உண்டு. ரேடியோ தனக்கும் ஃபிட்டருக்கும் டிக்கெட் வாங்கி, அதைச் செக்கர் கண்ணில் படும்படி விரலிடுக்கில் செருகிக்கொண்டு நின்றான்.

மரவாடியில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்தே மரத்தூள் காலுக்கடியில் மெத்தென்றது. முதலாளி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, வழுக்கையில் மெல்லிய தூள். பலகையை வாங்கும் முன் முடிச்சுத் தேடிப் பழகிய கண் அவருக்கு. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். கையெழுத்துக்கு முன்னால் யாருடனும் பேசுவதற்கில்லை என்று செக்கரிடம் கையை விரித்தார். தபால்காரரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் கையிலிருந்தே ஏதாவது கொடுக்கலாம் என்றிருப்பதாகவும் சொன்னார்.

செக்கர் மறுத்துப் பேசவில்லை. வீடு பக்கமா என்று மட்டும் கேட்டார். ஃபிட்டர் கடையிலிருந்து பதினாலு நிமிஷம், தினம் போகிற வழி, கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவேன் என்றார் முதலாளி. புதன்கிழமையும் நேரே வீட்டுக்குத்தானா? நேரே வீட்டுக்குத்தான். எங்கேயும் நிறுத்தவில்லையா? எதற்கு நிறுத்த வேண்டும்? சம்சாரம் சாப்பாட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தினதோடு சரி, அப்புறம் வண்டியைத் தொட்டது போலீஸ்தான்.

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லாதது போல செக்கர் எழுந்தார். ரேடியோவும் எழுந்தான். ஃபிட்டர் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். முதலாளியின் கண் அவன் மேல் விழுந்தது. விழுந்த கண் எடுக்க முடியாமல் அங்கேயே நின்றது. கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன் கேள் என்று ஆரம்பித்தார். திரைக்கு மேல் ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது. மரத்தில் அப்படி விட்டால் தன் ஆசாரியைத் தூக்கி வெளியே போட்டிருப்பார். சத்தத்தைக் கூட்டும் குமிழ் கைக்கு எட்டவில்லை, குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

"அப்புறம் இது என்ன பாட்டு போட்டிருக்கே? எண்ணி ஒம்போதே பாட்டு. அது முடிஞ்சா மறுபடி மொதல்லருந்து அதே பாட்டு. ஒரு மனுஷன் எத்தனை தடவ கேப்பான்?"

"வண்டி கைக்கு வந்ததும் கொண்டு வாங்க சார்," என்றான் ஃபிட்டர். "நிறையப் போட்டுத் தர்றேன்."

தன்னைச் சிறைக்கு அனுப்பப் போகிறவரிடம் அவன் அதைச் சொன்னான். வாடிக்கையாளர் குறை சொன்னால் வாயில் வரும் பதில் அது. ரேடியோ அவனை ஒரு மாதிரிப் பார்த்தான். செக்கர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில் ரேடியோ புலம்பிக்கொண்டே வந்தான். பதினாலு நிமிஷம், சாப்பாடு, மயிரிழை, குமிழ் என்று கேட்டதற்குப் பேசாமல் கடையிலேயே ஒரு பாட்டாவது கேட்டிருக்கலாம் என்றான். செக்கர் ஃபிட்டர் பக்கம் திரும்பி, ஒன்பது பாட்டும் சேர்ந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நாற்பது நிமிஷம் என்றான். ரேடியோ விரல்விட்டு எதையோ கழித்துப் பார்த்தான்.

கொஞ்ச தூரம் போனதும் செக்கர் கேட்டார். "நினைவே இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு தம்பி கையெழுத்துப் போடறே?"

ஃபிட்டர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஒரு சின்னத் தீவு போல இருந்தது.

"நேத்து ஸ்டேஷன்ல தபால்காரரோட வீட்டுக்காரம்மா பெஞ்சில உக்காந்திருந்தாங்க. கையில ஆஸ்பத்திரி சீட்டு. யாரு போனாலும் நிமிர்ந்து பாத்தாங்க. அப்படி உக்காந்திருக்கறது எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் வந்து எதையாவது சொல்லிட்டா போதும்னு இருக்கும். நான்தான்னு சொன்னா அவங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாம்."

"பொய்யான ஆளைக் காட்டினா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை.

ஸ்டேஷன் முற்றத்தில் சாம்பல் கார் இடது விளக்கு இல்லாமல் நின்றது. இன்ஸ்பெக்டரின் மேசையில் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. சாட்சிக் கையெழுத்துக்கு மரவாடி முதலாளியும் தன் ஆள் ஓட்டிய இன்னொரு காரில் வந்து சேர்ந்தார். வராந்தா பெஞ்சில் தபால்காரர் மனைவி அதே இடத்தில், அதே சீட்டோடு. அக்கா முன்பே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கையெழுத்துக்கு முன் அந்தக் காரின் சாவியை ஒரு தடவை திருப்பிக் காட்ட வேண்டும் என்றார் செக்கர். முத்திரை வைத்த வண்டி, அதெல்லாம் முறையில்லை என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார். புதன் சாயங்காலத்திலிருந்து அதில் சாவியே போடவில்லை, கார்டை மட்டும் எடுத்து நகலெடுத்துத் திரும்ப வைத்தோம் என்றார். சாவி போடாமல் இருந்ததுதான் தனக்கு வேண்டும் என்றார் செக்கர். காலேஜில் படிக்கும்போது இன்ஸ்பெக்டர் டிக்கெட் இல்லாமல் இவரிடம் மூன்று முறை மாட்டியவர். மூன்றாவது முறையைப் பற்றி செக்கர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவரைச் சும்மா பார்த்தார். இன்ஸ்பெக்டர் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார்.

முத்திரைக் காகிதம் கிழிந்தது. இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பினார். திரை ஒரு நிமிஷம் கறுப்பாக இருந்து, பிறகு வெளுத்தது. ஒரு பாட்டு அதன் நடுவிலிருந்து தொடங்கியது. நாலாவது பாட்டு. அதை ஏன் நாலாவதாக வைத்தாய் என்று அவன் ஒருமுறை அவளைக் கேட்டிருந்தான். என்ன சொன்னாள் என்பது நினைவில்லை.

"திரையில என்ன போட்டிருக்கு, சத்தமா படிங்க," என்றார் செக்கர்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "புதன்கிழமை. 12.01." நிமிர்ந்து தன் கடிகாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை. 11.52.

ஃபிட்டர் முன்னால் வந்து, சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, யாரையும் கேட்காமல் திரையின் சட்டத்தைக் கழற்றினான். நாலு ஸ்க்ரூ. பெட்டியை ஒயரோடு முன்னால் இழுத்து மூடியைத் திறந்தான். பச்சைப் பலகையின் ஓரத்தில் நாலு துளை. நாலும் காலி.

"கடிகாரம் இல்ல," என்றான். "இந்தப் பலகைக்கு நேரம் தெரியாது. காசு அளவு பேட்டரியோட ஒரு சின்னத் துண்டு இங்க வைக்கணும். அது இல்லன்னா சாவிய எடுத்ததும் நேரம் நின்னுடும். மறுபடி போட்டா, நின்ன எடத்துலருந்து ஓடும்."

"ஏன் வைக்கல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடிகாரம் அவ வைப்பா."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

செக்கர் மெதுவாக எடுத்துச் சொன்னார். காலையில் ஃபிட்டர் கையால் நேரம் வைத்தான். கடைக்குள் பன்னிரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு 11.14க்குச் சாவியை எடுத்தான். அதோடு காருக்குள் நேரம் நின்றுவிட்டது. வெளியே மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று போனது. அடுத்த முறை யாரோ சாவியைப் போட்டபோது காருக்குள் மணி 11.15. வெளியே எத்தனை என்பது சாவி போட்டவருக்குத் தெரியும்.

மரவாடி முதலாளிதான் முதலில் சுதாரித்தார். கடிகாரமே பொய் என்றால் தாளும் பொய்தானே என்றார். அப்படியானால் யார் ஓட்டியது என்று இந்தப் பெட்டியை வைத்து யாராலும் சொல்ல முடியாது, இவன் ஓட்டவில்லை என்பதற்கும் சாட்சி இல்லை, கார் இவன் கையில்தானே இருந்தது என்றார். இன்ஸ்பெக்டர் அதற்குத் தலையை ஆட்டினார். அக்காவின் கை தூணிலிருந்து நழுவியது.

"நேரம் பொய்," என்றார் செக்கர். "டிரிப் பொய் இல்ல சார். முப்பத்தொரு வருஷம் டிரிப் ஷீட்டுதான் பாத்தேன். ஏறினவன் எங்கயாவது இறங்கியாகணும். இதுல ரெண்டே டிரிப். பன்னெண்டு நிமிஷம் கடைக்குள்ள. இன்னொண்ணு நாப்பத்தாறு நிமிஷம். தம்பி குவாரிக்குப் போய்க் கடைக்குத் திரும்பியிருந்தா, அதுக்கப்புறம் நீங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போன டிரிப் மூணாவதா இருக்கணும். எங்க அது?"

"தள்ளிக்கிட்டே போனாரோ என்னவோ," என்றான் ரேடியோ. "அந்த உடம்புக்கு நல்லதுதான்."

முதலாளி ரேடியோ பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்சம் யோசித்தார். பெட்டி அன்று வேலையே செய்யவில்லை என்றார். வழியெல்லாம் ஊமையாகக் கிடந்தது. அதனால்தான் எழுதியிருக்காது. சொல்லச் சொல்ல அவர் குரலுக்குத் தெம்பு வந்தது. இவன் வேலை லட்சணம் அப்படி, பதினாலு நிமிஷமும் ஒரு சத்தம் இல்லை என்றார்.

செக்கர் ஃபிட்டரைப் பார்த்தார். ரேடியோவும் அவனைப் பார்த்தான். தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பது ஃபிட்டருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு பெரிய சாமானைத் தனியாகத் தூக்குகிறவன் போல அவன் வாயைத் திறந்தான்.

"சார், காலையில நீங்க என்கிட்ட ஒரு குறை சொன்னீங்க. ஒம்போது பாட்டு முடிஞ்சா மறுபடி மொதல்லருந்து வருதுன்னு."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஊமையா இருந்த பெட்டியில அது எப்படித் தெரிஞ்சது?"

முதலாளி காருக்குள் இருந்த திரையைப் பார்த்தார்.

"தள்ளிவிடப் பொத்தானும் இல்ல. பொத்தான் என் மேசையில இருக்கு. ஒம்போது பாட்டும் முழுசா ஓடினாத்தான் கேட்ட பாட்டு மறுபடி வரும். அதுக்கு நாப்பது நிமிஷம் ஆகும். உங்க வீடு பதினாலு நிமிஷம்."

இன்ஸ்பெக்டர் காரை விட்டு இறங்கினார். அதுவரை முதலாளியை அவர் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது, "எங்க போனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளி காரின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டார். வழுக்கையில் மரத்தூள் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுத்தது. முடிச்சுத் தேடும் கண் இப்போது எதையும் தேடவில்லை.

"சத்தம் நல்லா இருந்துச்சு," என்றார். "அவ்வளவு நல்லா இருக்கும்னு நினைக்கல. வீட்டுக்குப் போனா அணைக்கணும். ஒரு சுத்து போய் கேட்டுட்டுப் போலாம்னு குவாரி ரோட்டுல திருப்பினேன். வளைவுல சத்தத்தைக் கூட்டலாம்னு குனிஞ்சேன். நிமிர்றப்ப சைக்கிள் இருந்துச்சு."

நிறுத்தாமல் போனதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வராந்தாவில் பெஞ்சின் கால் தரையில் உராய்ந்தது. தபால்காரர் மனைவி எழுந்து நின்றிருந்தாள். முதலாளியை அவள் திட்டவில்லை. நேராகப் பார்த்தாள், பார்த்து முடித்தாள், திரும்ப உட்கார்ந்தாள்.

மேசை மேல் இருந்த தாளை இன்ஸ்பெக்டர் நாலாகக் கிழித்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு முதலாளியை உள்ளே வரச் சொன்னார். அக்கா ஃபிட்டரின் தோளில் அடித்தாள், மறுபடி அடித்தாள், அப்புறம் அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் அசையாமல் நின்றான். அவள் முகத்தை எடுத்ததும், வராந்தாவுக்குப் போய் அந்தப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தபால்காரர் மனைவி, ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள் என்றாள். தெரியும் என்று அவன் சொன்னான்.

கிளம்பும்போது ரேடியோ அவன் அருகில் வந்தான். "பிரதர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பதினோரு கார்லயும் இப்ப மணி என்ன?"

வேடிக்கைக்குத்தான் கேட்டான். ஆனால் ஃபிட்டர் அதை எண்ணிப் பார்க்க ஆரம்பித்திருந்தான். செக்கர் ரேடியோவின் காலரைப் பிடித்து பஸ் நிறுத்தத்துப் பக்கம் திருப்பினார். போகும்போது, "அந்த எடம் காலியா இருந்ததாலதான் நீ மாட்டினே. இனிமேலும் அப்படியே விட்டுடாதே," என்று மட்டும் சொன்னார்.

கடையைத் திறந்தபோது மணி மூன்றரை. மெத்தை நாற்காலியை ஃபிட்டர் நகர்த்தினான். அதில் உட்காரவில்லை, நகர்த்தி மட்டும் வைத்தான். எதிர் மேசையின் டிராயர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரத் துண்டு. அவள் மொத்தமாக வாங்கி வைத்தது. எண்ணினான். இருபது. கத்தரிக்கோலால் பன்னிரண்டை வெட்டி எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். முதலாளியின் கார் திரும்ப எப்போது வரும் என்று தெரியாது. இருந்தாலும் அதற்கும் ஒன்று.

பிறகு வாடிக்கையாளர் நோட்டை எடுத்தான். எட்டு மாதத்துக்கு முந்தைய பக்கம்வரை அவள் கையெழுத்து. அடுத்த பக்கத்திலிருந்து அவன் கையெழுத்து. அந்தப் பக்கத்தின் முதல் நம்பரைப் போனில் அடித்தான். மறுமுனையில் எடுத்தவர், பெட்டி பிரமாதமாகப் பாடுகிறதே, என்ன விஷயம் என்று கேட்டார்.

"இல்ல சார், பாட்டுல ஒண்ணும் குறை இருக்காது," என்றான் ஃபிட்டர். "வண்டிய ஒரு தடவ கொண்டு வாங்க. ஒரு பொருள் வைக்காம விட்டுட்டேன்."

எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டார்.

பத்து நிமிஷம்தான் என்று சொல்லி, நேரம் குறித்துக்கொண்டு, அடுத்த நம்பரை அடித்தான்.